ஜெயில்ல இருக்கற தம்பிக்கு மாத்திரை தரலைன்னா யார்கிட்ட புகார் குடுக்கறது?

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க. ஊர் பேர், ஆள் பேர், ஜெயில் பேர் எல்லாத்தையும் எடுத்துட்டு சுருக்கி போடறேன்.

"சார், நான் எஸ்டேட்ல இலை பறிக்கிறேன். என் தம்பிக்கு ஒரு கேஸ்ல தண்டனை ஆகி கீழ சென்ட்ரல் ஜெயில்ல இருக்கான், ஐகோர்ட்ல அப்பீல் நடக்குது. அவனுக்கு சின்ன வயசுல இருந்தே ஃபிட்ஸ், ரெண்டு வேளை மாத்திரை போட்டே ஆகணும். உள்ள சில நாள் தர்றாங்க, சில நாள் ஸ்டாக் இல்லங்கறாங்க, ரெண்டு தடவ ஃபிட்ஸ் வந்து விழுந்துட்டான். ஏன் தரலைன்னு வார்டர்கிட்ட கேக்கப் போயி வாக்குவாதமாகி இப்ப தனி செல்லுல போட்டுட்டாங்க, மனு பாக்கறதயும், அதான் நாங்க ஜெயிலுக்கு போயி அவன பாக்கறதயும், நிறுத்திட்டாங்க. மூணு பஸ் மாறி போயி கேட்லயே திரும்பி வந்தேன். புகார் குடுத்தா அவனத்தான் இன்னும் கொடுமை பண்ணுவாங்கன்னு அம்மா அழுகுது. உள்ள இருக்கறவன் புகார் குடுக்க முடியுமா சார்? குடுத்தும் கேக்கலைன்னா மேல யார்கிட்ட போறது?"

அக்கா, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல மாத்திரை. ஃபிட்ஸ் மாத்திரைய நாலு நாள் குடுத்து ரெண்டு நாள் விட்டா ஃபிட்ஸ் திரும்பி வரும், சில பேருக்கு நிக்காம தொடர்ந்து வரும், அது உயிருக்கே ஆபத்து. அதனால ஒரு நாள் கூலி போனாலும் பரவால்லன்னு நாளைக்கே தம்பி வழக்கமா பாத்த ஜிஎச்சுக்கு போங்க. மாத்திரை பேரு, எத்தன மில்லிகிராம், எத்தன வேளை, எந்த வருஷத்துல இருந்து சாப்பிடறான், நடுவுல நிறுத்துனா என்ன ஆகும், இவ்வளவும் டாக்டர் கையெழுத்து சீலோட ஒரு லெட்டரா வாங்குங்க, பழைய ஓபி சீட்டு வீட்டுல இருந்தா அதயும் எடுத்துக்கங்க. ஏழெட்டு செட் ஜெராக்ஸ் போட்டு வெச்சுக்கங்க, இனிமே நாம எங்க போனாலும் அது கூடவே போகணும், ஒரிஜினல யார் கேட்டாலும் குடுத்துடாதீங்க.

இப்ப உங்க முதல் கேள்வி. முடியும். தண்டனை ஆயிட்டதால வெளிய நடமாடற உரிமை தான் போயிருக்கு, உசுரோட மரியாதையா இருக்கற உரிமை அப்படியே இருக்கு, இத சுப்ரீம் கோர்ட் திரும்பத் திரும்ப சொல்லியாச்சு. மருந்து விஷயத்துல கோர்ட் வரைக்கும் கூட போக வேண்டியதில்ல, 1894ம் வருஷத்து சிறைச் சட்டமே போதும். வெள்ளக்காரன் கைதிங்கள கசக்கி வேல வாங்குன காலம் அது, நம்ம நடுவட்டத்துல கூட சிங்கோனா தோட்ட வேலைக்கு சீனக் கைதிங்கள அடச்சு வெச்சிருந்த கட்டிடம் இன்னும் நிக்குது, ஊட்டி கூடலூர் ரோட்டுல போறவங்க பாத்திருப்பீங்க. அப்பேர்ப்பட்டவன் எழுதுன சட்டத்துலயே பிரிவு 37 என்ன சொல்லுதுன்னா, ஒரு கைதி டாக்டர பாக்கணும்னு சொன்னாலோ, ஆள பாத்தாலே உடம்பு சரியில்லாத மாதிரி இருந்தாலோ, பொறுப்புல இருக்கற காவலர் தாமதிக்காம ஜெயிலர்கிட்ட சொல்லியே ஆகணும், ஜெயிலர் அத மருத்துவ ஊழியர் கவனத்துக்கு கொண்டு போயே ஆகணும். தம்பி மாத்திரை கேட்டதுல தப்பே கிடையாது, கேட்டத மேல சொல்லாதது தான் தப்பு.

ஆனா உங்க லெட்டர படிச்சதுல எனக்கு ஒண்ணு உறுத்துது. தம்பி இது வரைக்கும் கேட்டது எல்லாமே வாயால. வார்டர்கிட்ட வாயால, ரவுண்ட்ஸ் வந்த ஆபீசர்கிட்ட வாயால, நீங்களும் கேட்ல வாயால. நாளைக்கு கோர்ட்ல ஜெயில் தரப்பு வக்கீல் எந்திரிச்சு "இந்தக் கைதி எந்தப் புகாரும் குடுத்ததே இல்ல"ன்னு சொன்னா அத மறுக்க நம்ம கைல ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. நான் பாத்த வரைக்கும் கைதிங்க புகார் பெரும்பாலும் தோக்கறது இந்த எடத்துல தான், நியாயம் இல்லாம போயி தோக்கறதில்ல. அதனால இனிமே எது சொன்னாலும் பேப்பர்ல, தேதி போட்டு, ஒரு காப்பியாவது ஜெயிலுக்கு வெளிய இருக்கற மாதிரி. மேல நீங்க ஏறப் போற ஒவ்வொரு படியிலயும் முதல்ல கேக்கற கேள்வி "கீழ எப்ப குடுத்தீங்க, காப்பி எங்க"ங்கறது தான்.

உள்ள இருந்து அவன் எப்படி குடுக்கறதுன்னா, எல்லா மத்திய சிறையிலயும் நலன் அலுவலர்னு ஒருத்தர் இருப்பாங்க, வெல்ஃபேர் ஆபீசர்னு தான் கைதிங்க சொல்லுவாங்க, அவங்ககிட்ட பேப்பர் கேக்கலாம், எழுத வரலைன்னா எழுதித் தரச் சொல்லியும் கேக்கலாம். சட்ட உதவி மையம்னு ஒண்ணும் ஜெயிலுக்குள்ளயே இருக்கும், சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல இருந்து வக்கீல் வந்து உக்காருவாரு, பயிற்சி குடுத்த கைதிங்களே அதுல தன்னார்வலரா இருப்பாங்க, எழுதற வேலைய அவங்க செய்வாங்க. புகார் பெட்டியும் இருக்கணும், அது ஜெயில்காரங்க மனசு வெச்சு வெக்கற பெட்டி கிடையாது, 1979ல சுனில் பத்ரா வழக்குல சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவு.

அந்த வழக்க பத்தி கொஞ்சம் சொல்லியே ஆகணும், ஏன்னா உங்க தம்பி நிலமைக்கு அதுல நேரடியா பதில் இருக்கு. பத்ராங்கறவரு டெல்லி திகார் ஜெயில்ல தூக்கு தண்டனைக் கைதி. பக்கத்துல இன்னொரு கைதிய ஒரு வார்டர் சித்ரவத பண்ணுனத தெரிஞ்சுகிட்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு லெட்டர் போட்டாரு, வக்கீல் இல்ல, ஃபீஸ் இல்ல, வெறும் லெட்டர். நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு அதயே ஆட்கொணர்வு மனுவா எடுத்து விசாரிச்சுது. தீர்ப்புல என்ன சொன்னாங்கன்னா, மாவட்ட கலெக்டரும் செஷன்ஸ் ஜட்ஜும் புகார் பெட்டி வெக்க வெச்சு அத அடிக்கடி திறந்து பாக்க ஏற்பாடு பண்ணணும், அவங்களே நேர்ல ஜெயிலுக்கு போயி கைதிங்க குறைய கேக்கணும். தனி செல், தண்டன செல், சலுகைய பறிக்கறது, தண்டனையா வேற ஜெயிலுக்கு மாத்தறது இதெல்லாம் செஷன்ஸ் ஜட்ஜ் பார்வைக்கு போகாம செய்யக் கூடாது, அவசரம்னு உடனே செய்ய வேண்டி வந்தாலும் ரெண்டு நாளைக்குள்ள அவருக்கு தெரியப்படுத்தணும். அக்கா, இந்த ரெண்டு நாள் விஷயத்த கெட்டியா புடிச்சுக்கங்க. தம்பிய தனி செல்லுல போட்டதும் இன்டர்வியூவ, அதாவது நீங்க போயி அவன பாக்கறத, நிறுத்துனதும் செஷன்ஸ் ஜட்ஜுக்கு எழுத்துல போச்சா இல்லயா, இது தான் நாம கேக்கப் போற முதல் கேள்வி.

ரெண்டாவது கேள்வி தண்டனைப் பதிவேடு. சிறைச் சட்டம் பிரிவு 51 படி உள்ள யாருக்கு என்ன தண்டனை குடுத்தாலும் பேரு, நம்பரு, என்ன தப்பு, தப்பு நடந்த தேதி, என்ன தண்டனை, என்னைக்கு குடுத்தாங்க எல்லாம் அந்தப் பதிவேட்டுல ஏறணும். தண்டன குடுக்கற அதிகாரம் சூப்பிரண்டுக்கு தான், வார்டர் தன் கோவத்துக்கு யாரயும் செல்லுல போட முடியாது. பதிவேட்டுல ஏறியிருந்தா என்ன காரணம் போட்டிருக்காங்கன்னு தெரிஞ்சிடும், ஏறலைன்னா அந்தத் தண்டனையே சட்டத்துக்கு வெளிய நடந்தது. இன்னொண்ணு, 24 மணி நேரத்துக்கு மேல ஒருத்தர செல்லுல வெச்சா டாக்டரோ மருத்துவ ஊழியரோ தினமும் ஒரு தடவையாவது பாக்கணும்னு பிரிவு 29ல இருக்கு. ஃபிட்ஸ் இருக்கற பையன தனியா பூட்டி வெச்சா ராத்திரி விழுந்து தல அடிபட்டா பாக்க ஆள் கிடையாது, இதயும் மனுவுல எழுதணும்.

மனு எப்படி இருக்கணும்? பெருசா வேண்டாம், ஒரு பக்கம் போதும். கோவமா எழுதாதீங்க, திட்டாதீங்க, பாக்காதத எழுதாதீங்க. இந்த மாதிரி இருக்கலாம்:

"ஐயா, நான் இச்சிறையில் ... எண் கொண்ட தண்டனைக் கைதி. எனக்கு வலிப்பு நோய் உள்ளது. சிறைக்கு வந்த நாளிலேயே மருத்துவரிடம் தெரிவித்துள்ளேன். ... தேதி முதல் ... தேதி வரை எனக்கு மாத்திரை வழங்கப்படவில்லை. ... தேதி காலையிலும் ... தேதி இரவிலும் வலிப்பு வந்து விழுந்தேன். ... தேதி மாத்திரை கேட்டதற்காக என்னைத் தனி அறையில் அடைத்து, குடும்பத்தாரைப் பார்க்கும் அனுமதியையும் நிறுத்தியுள்ளனர். என்ன குற்றத்திற்காக என்று எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவில்லை. எனக்குத் தினமும் மாத்திரை வழங்கவும், நரம்பியல் மருத்துவரிடம் காட்டவும், தனி அறையிலிருந்து மாற்றவும், தண்டனை உத்தரவின் நகலை வழங்கவும் வேண்டுகிறேன்."

சரியான தேதி ஞாபகம் இல்லைன்னா "பொங்கலுக்கு அடுத்த வாரம்"னு எழுதுனா கூட போதும், கற்பனையா ஒரு தேதி போட்டு அது பதிவேட்டோட ஒத்து வரலைன்னா மொத்த மனுவும் பொய்யாயிடும். கேக்கறத தெளிவா நாலு வரில கேட்டுடணும், "நடவடிக்கை எடுக்க வேண்டும்"னு பொத்தாம் பொதுவா முடிச்சா "நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு பொத்தாம் பொதுவா தான் பதில் வரும்.

இதே விஷயத்த நீங்க வெளிய இருந்து உங்க பேர்ல தனி மனுவா குடுங்க. அக்காவா அது உங்க உரிமை, தம்பி சொல்லிக் குடுத்தான்னு கூட எழுத வேண்டியதில்ல, நான் பாத்தேன் எனக்குத் தெரியும்னு எழுதலாம். சூப்பிரண்டுக்கு ஒண்ணு, ஜெயில் டாக்டருக்கு ஜிஎச் லெட்டர் வெச்சு ஒண்ணு. நேர்ல குடுத்தா தபால் செக்ஷன்ல உங்க காப்பில சீல், தேதி, கையெழுத்து வாங்காம வராதீங்க, சீல் போட மாட்டேன்னு சொன்னா அங்க நின்னு சண்ட போட வேண்டாம், நேரா போஸ்ட் ஆபீஸ் போயி ஸ்பீடு போஸ்ட்ல டெலிவரி அத்தாட்சியோட அனுப்பிடுங்க. ரிஜிஸ்டர் தபால 2025ல ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அதனால கவுண்டர்ல பழையபடி ரிஜிஸ்டர்னு கேட்டு குழம்பாதீங்க. ரசீத மனு காப்பி பின்னாலயே பின் அடிச்சு வெச்சிடுங்க.

இப்ப ரெண்டாவது கேள்வி, கேக்கலைன்னா மேல யாரு. துறைக்குள்ள போனா சூப்பிரண்டுக்கு மேல சரக டிஐஜி, அவருக்கு மேல சென்னைல சிறைத்துறை தலைவர், அதுக்கும் மேல உள்துறைச் செயலாளர். இவங்களுக்கு காப்பி அனுப்பணும், ஆனா அதயே நம்பிட்டு உக்காராதீங்க. மேல போற மனு பெரும்பாலும் "அறிக்கை தரவும்"னு எழுதி அதே சூப்பிரண்டுக்கே திரும்பி வரும், 1100க்கு போன் பண்ணி முதல்வரின் முகவரில போட்டாலும் சுத்தி அங்க தான் வந்து நிக்கும். துறைக்கு வெளிய இருக்கற ஆள் பாக்கணும், அது தான் முக்கியம்.

வெளிய யாருன்னா முதல் ஆள் அந்த ஜெயில் இருக்கற மாவட்டத்தோட முதன்மை மாவட்ட செஷன்ஸ் ஜட்ஜ். நம்ம ஊட்டி கோர்ட் தான தண்டன குடுத்துச்சு அங்க குடுக்கலாமான்னு கேப்பீங்க, ஜெயில் எங்க இருக்கோ அந்த மாவட்டத்து ஜட்ஜ் தான் அந்த ஜெயில பாக்கற அதிகாரம் உள்ளவரு, அதனால அங்க. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு தலைவரும் அவரே தான், அதனால ஒரே மனு ரெண்டு வேல செய்யும். மனுவுல "சுனில் பத்ரா தீர்ப்பின்படி இத்தண்டனை தங்கள் பார்வைக்கு வந்ததா"ன்னு ஒரு வரி எழுதுங்க.

வக்கீலுக்கு காசு எங்க போறதுன்னு யோசிக்காதீங்க. 1987ம் வருஷ சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் பிரிவு 12ல காவல்ல இருக்கறவங்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவச வக்கீல் உண்டு, பொண்ணுங்கறதால உங்களுக்கும் உண்டு. மலை இறங்கி அலைய வேண்டாம், உங்க தாலுக்கா கோர்ட்டுலயோ ஊட்டி மாவட்ட கோர்ட்டுலயோ இருக்கற சட்டப் பணிகள் ஆபீஸ்ல மனு எழுதிக் குடுத்தா அந்த மாவட்டத்துக்கு அனுப்பி வெப்பாங்க, 15100க்கு போன் பண்ணியும் கேக்கலாம். அந்த வக்கீல் உள்ள போயி தம்பிய பாக்கறது ரொம்ப முக்கியம். உங்கள பாக்க விடாம நிறுத்துனாலும் வக்கீல் பாக்கறத அப்படி நிறுத்த முடியாது, 1981ல பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்குல குடும்பத்தயும் வக்கீலயும் பாக்கறது ரெண்டும் அரசியல் சாசனம் 21வது பிரிவுல வர்ற உரிமைன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

அடுத்து மாநில மனித உரிமை ஆணையம், சென்னைல இருக்கு. ஃபீஸ் கிடையாது, தமிழ்லயே எழுதலாம், சம்பவம் நடந்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். இங்க ஒண்ணு கவனிங்க, மாநில ஆணையத்துல போட்ட அதே விஷயத்த டெல்லில இருக்கற தேசிய மனித உரிமை ஆணையம் எடுக்காது, ரெண்டுலயும் போட்டு ரெண்டயும் கெடுத்துக்காதீங்க. கோர்ட்ல நடந்துட்டு இருக்கற விஷயத்தயும் ஆணையம் வழக்கமா தொடாது, அதனால ஐகோர்ட்டா ஆணையமாங்கறத வக்கீலோட உக்காந்து பேசி முடிவு பண்ணுங்க. என்ன கேட்டா, மாத்திரைக்கும் தனி செல்லுக்கும் செஷன்ஸ் ஜட்ஜ், அசையலைன்னா உடனே ஐகோர்ட். நடந்து முடிஞ்ச கொடுமைக்கு நஷ்ட ஈடும் அதிகாரி மேல நடவடிக்கையும் வேணும்னா ஆணையம். ஆணையத்துல காலம் ஆகும், மாத்திரை அவ்வளவு காலம் காத்திருக்காது.

ஐகோர்ட்னா நம்ம நீலகிரிக்கு சென்னை தான், கொடைக்கானல் பக்கம் இருக்கறவங்க மதுரைக் கிளைக்கு போகணும். உங்க தம்பி அப்பீல் ஏற்கனவே சென்னைல இருக்கறதால அந்த வக்கீலுக்கே இந்த மனு காப்பி, ரசீது, ஜிஎச் லெட்டர் எல்லாத்தயும் அனுப்பி ரிட் மனு, அதாவது ஜெயில் அதிகாரிங்களுக்கு உத்தரவு போடச் சொல்லி ஐகோர்ட்ல நேரடியா கேக்கற மனு, போடச் சொல்லுங்க. தண்டனைய நிறுத்தி வெச்சு ஜாமீன் கேக்கற மனு போட்டாலும் மருத்துவக் காரணத்துக்கு இந்தப் பேப்பருங்க தான் சாட்சி.

நோய் இருக்கற கைதி விஷயத்துல நம்ம தமிழ்நாட்டுல இருந்தே ஒரு வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2025 ஜூலைல தீர்ப்பு வந்துச்சு. தசைச் சிதைவு நோய் உள்ள ஒருத்தர், முதல்ல மாநில மனித உரிமை ஆணையத்துக்கு தான் போனாரு, அங்க ஒரு லட்சம் குடுக்கச் சொன்னாங்க, ஐகோர்ட் போயி அது அஞ்சு லட்சமாச்சு, சுப்ரீம் கோர்ட் அதுக்கு மேல தொகைய ஏத்தல, ஆனா ஊனம் இருக்கறவங்கள ஜெயிலுக்குள்ள வர்ற அன்னைக்கே கண்டுபிடிச்சு பதிவு பண்ணணும், அவங்களுக்கு தேவையான வசதிய செஞ்சு குடுக்கணும்னு தமிழ்நாட்டு ஜெயில் எல்லாத்துக்கும் உத்தரவு போட்டுச்சு. தனி ஆளா ஆரம்பிச்சவரு தான்.

இதுக்கு நடுவுல தகவல் உரிமைச் சட்டத்துலயும் ஒரு மனு போட்டு வெக்கலாம். பத்து ரூபா கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, தண்டனைப் பதிவேட்டு நகல், எந்தெந்தத் தேதி மாத்திரை குடுத்தாங்கங்கற பதிவு, செஷன்ஸ் ஜட்ஜுக்கு அனுப்புன தகவலோட நகல் இந்த மூணயும் கேளுங்க. சாதாரணமா 30 நாள், உயிர் சம்பந்தப்பட்டதுன்னா 48 மணி நேரத்துல தரணும், அதனால முதல் வரியிலயே அதயும் காரணத்தயும் எழுதிடுங்க. அடுத்தவங்க மருத்துவ விவரம் தர முடியாதுன்னு மறுக்க வாய்ப்பு இருக்கு, அதனால தம்பிகிட்ட ஒரு சம்மதக் கடிதம் வக்கீல் மூலமா வாங்கி சேத்துடுங்க. மறுத்தாலோ பதிலே இல்லைன்னாலோ 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுவும் ஆகலைன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையம்.

அம்மா பயத்துக்கு வர்றேன். அந்தப் பயம் நியாயமானது, அப்படியெல்லாம் நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன், நடக்குது. ஆனா புகார் உள்ள மட்டும் இருந்தா தான் அமுக்கறது சுலபம். ஜட்ஜ், சட்டப் பணிகள் ஆபீஸ், ஐகோர்ட் வக்கீல் இத்தன பேர் மேஜைல ஒரு கைதி பேர் இருக்குன்னு தெரிஞ்சா அவன் மேல கை வெக்க யோசிப்பாங்க. அதனால ரகசியமா குடுக்காதீங்க, எல்லா மனுவுலயும் கீழ யார் யாருக்கு நகல் போகுதுன்னு வெளிப்படையா எழுதுங்க. "இம்மனு கொடுத்ததற்காக என் தம்பிக்கு எந்தப் பாதகமும் நேரக்கூடாது"ன்னு ஒரு வரியும் சேருங்க, அதுக்கப்புறம் ஏதாவது நடந்தா அது பழிவாங்கறதுன்னு காட்ட அந்த வரி உதவும்.

வக்கீல் மூலமா தம்பிக்கு சொல்லியனுப்ப வேண்டியது ஒண்ணு இருக்கு. மனு போன கொஞ்ச நாள்ல விசாரணைன்னு ஒரு ஆபீசர் வந்து ஒரு பேப்பர நீட்டுவாங்க, அதுல "எனக்கு எந்தக் குறையும் இல்ல, தெரியாம குடுத்துட்டாங்க"ன்னு ஏற்கனவே எழுதியிருக்கலாம். படிக்காம கையெழுத்து போட வேண்டாம், வெத்துப் பேப்பர்ல கண்டிப்பா வேண்டாம். பயத்துல போட்டுட்டான்னா அதுக்காக அவன திட்டாதீங்க, வக்கீல்கிட்ட உடனே சொன்னா மிரட்டி வாங்குனதுன்னு ஜட்ஜுக்கு எழுதிக்கலாம். அப்புறம் இன்டர்வியூ திரும்ப குடுத்ததும் அவன பாத்துட்டு வந்த ஒவ்வொரு தடவயும் தேதி, அவன் எப்படி இருந்தான், முகத்துல கைல காயம் தெரிஞ்சுதா, மாத்திரை வந்துச்சுன்னானா இத பஸ்ஸுலயே ஒரு நோட்டுல எழுதிடுங்க. காசு குடுத்தா மாத்திரை ஒழுங்கா வரும்னு கேட் பக்கம் யாராவது சொன்னா குடுக்காதீங்க, கேட்ட ஆள் யாருன்னு நோட்டுல எழுதுங்க.

இதே மாதிரி நிலமைல இருந்து தண்டனை ஆகாம ரிமாண்டுல இருக்கறவங்க குடும்பம் இத படிச்சா, உங்களுக்கு வழி இன்னும் சுலபம். 15 நாளைக்கு ஒரு தடவயாவது காவல் நீட்டிப்புக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்துவாங்க, வீடியோலயாவது. அப்ப வாய் திறந்து மருந்து தரல, அடிச்சாங்கன்னு சொல்லச் சொல்லுங்க, உங்க வக்கீல் அதே நேரத்துல மெமோவா எழுதிக் குடுத்து பதிவு பண்ண வெக்கட்டும். சாதி பாத்து பிளாக் பிரிக்கறாங்க, கக்கூஸ் கழுவற வேல மட்டும் தர்றாங்கன்னு இருந்தா 2024 அக்டோபர்ல சுகன்யா சாந்தா வழக்குல சுப்ரீம் கோர்ட் அத அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு சொல்லியாச்சு, அந்த வழக்கு பேர மனுவுல எழுதுங்க.

அக்கா, வரிசைய மட்டும் மாத்திடாதீங்க. நாளைக்கு ஜிஎச் லெட்டர். அடுத்த நாள் சூப்பிரண்டுக்கும் ஜெயில் டாக்டருக்கும் செஷன்ஸ் ஜட்ஜுக்கும் ஒரே நேரத்துல ஸ்பீடு போஸ்ட், அன்னைக்கே சட்டப் பணிகள் ஆபீஸ்ல வக்கீல் கேட்டு மனு. ஒரு வாரத்துல மாத்திரை ஒழுங்கா வரலைன்னா பதிலுக்கு காத்திருக்காம ஐகோர்ட் வக்கீலுக்கு போன் பண்ணிடுங்க, நடுவுல மறுபடியும் ஃபிட்ஸ் வந்துச்சுன்னு தெரிஞ்சா அந்த ஒரு வாரமும் பாக்க வேண்டாம்.

மனு எழுத கை வரலைன்னா ஜிஎச் லெட்டரோட ஊட்டி கோர்ட்டுக்கு வாங்க, சட்டப் பணிகள் ஆபீஸ்ல உக்காந்தே எழுதிடலாம்.